மூன்றாம் மாடித் தர்ணா

மூன்றாம் மாடி வராந்தாவில், பூட்டிய கதவுக்கு முன்னால் ஏழெட்டு மாணவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெண் எழுந்து நின்று, கையை ஆட்டி ஆட்டி ஏதோ முழங்கிக்கொண்டிருந்தாள். படியேறி வந்த மைய ஒருங்கிணைப்பாளர் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார்.

“தர்ணா!” என்று முணுமுணுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

கதவுக்கு மேலே ‘சிறுபான்மை மாணவர் பொறியியல் ஆதரவு மையம்’ என்ற பலகை பளபளத்தது. பளபளக்காமல் என்ன செய்யும்? திறப்பு விழாவுக்குப் பிறகு அதற்கு வேறு வேலையே இருந்ததில்லை.

“என்னய்யா இது, இன்னிக்குன்னு பார்த்து?” என்று பின்னால் வந்த அட்டெண்டரிடம் சீறினார்.

“இன்னிக்கு மட்டும் இல்ல சார். தினம் சாயங்காலம் இப்படித்தான் உட்கார்றாங்க.”

“தினமுமா? ஏன்யா எங்கிட்ட சொல்லல?”

“நீங்க மூணாவது மாடிக்கு வந்தாத்தானே சார் சொல்றதுக்கு.”

வேறு நாளாக இருந்தால் அட்டெண்டரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். இன்று நேரமில்லை. தலைமை அலுவலகத்து அதிகாரி அம்மா கீழே முதல்வர் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். போன வருஷம் இந்தக் கல்லூரியின் சிறுபான்மைப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் தேறியிருந்தார்கள். அந்த ரகசியத்தை நேரில் பார்க்கத்தான் வந்திருந்தார். திருப்தி என்றால் எல்லாக் கல்லூரி மையங்களுக்கும் ஒருங்கிணைப்பாளரையே இயக்குநராகப் போட்டுவிடுவார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடும் போலிருந்தது.

ரகசியம் என்னவென்று அவருக்கே தெரியாது என்பது வேறு விஷயம். மையம் திறந்த புதிதில் ஒரு மாதம் ஒழுங்காகத்தான் வந்து உட்கார்ந்தார். கணக்கில் சந்தேகம் என்று வந்தவர்களைக்கூட அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. தான் வாழ்க்கையில் முன்னேறிய கதையை இருட்டும்வரை சொல்லித்தான் அனுப்பினார். கொஞ்ச நாளில் ஒருவரும் வரவில்லை. ‘இதுகளுக்கு அக்கறையே கிடையாது’ என்று பூட்டிவிட்டுக் கீழே போனவர்தான். பிள்ளைகள் தேறிய செய்தி வந்ததும், நம் பேச்சு மெதுவாக வேலை செய்கிற மருந்து போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டார்.

“ஓடிப்போய் சாவிய எடுத்துட்டு வாய்யா!”

அட்டெண்டர் ஓடியதும் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். தரை முழுக்கச் சாக்பீஸ் கிறுக்கல். கண்ணாடியை மேஜையிலேயே விட்டு வந்தவருக்கு அத்தனையும் கோஷங்களாகத்தான் தெரிந்தன. தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினார்.

இனி ஒளிந்து பயனில்லை. “கண்ணுகளா, எந்திரிங்கப்பா!” என்று உருகிக்கொண்டே நெருங்கினார். “உங்க கோபம் நியாயம்தான். பூட்டி வெச்சது என் தப்பு. இதோ, சாவி வந்துக்கிட்டே இருக்கு.”

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நின்றிருந்த பெண் சாக்பீஸ் பிடித்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“அதெல்லாம் வேணாம் சார். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

குத்திக்காட்டுகிறாள் என்று அவருக்குப் பட்டது. “எனக்கென்னம்மா சிரமம்? இனிமே நான் தினமும் இங்கதான். ஒரு நாள் விடாம உங்ககூட உட்கார்ந்து பேசப்போறேன்.”

“ஐயையோ!” என்றான் ஓரத்தில் இருந்த ஒல்லிப் பையன். முதல் மாதம் அவர் கதையை முழுசாகக் கேட்டவன் அவன். பாவம், நெகிழ்ந்துவிட்டான் என்று அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

அட்டெண்டர் சாவியோடு வந்தார். அவர் பின்னாலேயே அதிகாரி அம்மாவும் வந்துவிட்டார்.

“என்ன சார், மையம் உள்ள இருக்கு, பிள்ளைங்க வெளியில இருக்காங்க?”

ஒருங்கிணைப்பாளர் அட்டெண்டர் பக்கம் பாய்ந்தார். சாவியைப் பிடுங்கிப் பூட்டோடு மல்லாடினார். துருப்பிடித்த பூட்டு அசைந்து கொடுப்பேனா என்றது.

அதிகாரி அம்மா அந்தப் பெண்ணிடம் திரும்பினார். “நீ சொல்லும்மா, பயப்படாத. எதுக்காக இந்தப் போராட்டம்?”

“போராட்டமா? ஐயோ, இல்ல மேடம்.” அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “எங்க வகுப்புல எங்க ஆளுங்கன்னு நான் ஒருத்திதான். சந்தேகம் கேட்டா சிரிப்பாங்க. சரி, இங்க கேட்கலாம்னு வந்தேன், பூட்டியிருந்துச்சு. சார் வருவாருன்னு உட்கார்ந்தேன். இவனும் வந்து உட்கார்ந்தான். அப்புறம் ஒவ்வொருத்தரா இவங்க எல்லாரும் வந்தாங்க. தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். சார் வர்ற வரைக்கும்னுதான் மேடம் ஆரம்பிச்சோம்.”

“அப்புறம்?”

“சார் வரல. எல்லாரும் பாஸாயிட்டோம்.”

அந்த நேரம் பார்த்துப் பூட்டு ‘டக்’கென்று திறந்துகொண்டது. ஒருங்கிணைப்பாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சாவியை உயர்த்திப் பிடித்து, வெற்றிக் கோப்பை வாங்கியவர்போல் திரும்பினார்.

அதிகாரி அம்மா அவரைப் பார்க்கவில்லை. குனிந்து, தரையில் சாக்பீஸால் போட்டிருந்த கணக்கை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“அடுத்த வாரம் பரீட்சை இல்லையா? இந்த மையத்துலேர்ந்து உங்களுக்கு என்ன உதவி வேணும்னாலும் கேளும்மா. இப்பவே செய்யச் சொல்றேன்.”

அவள் தயங்கினாள். சாரைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள்.

“மறுபடியும் பூட்டிட்டு, சாவிய நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க மேடம்.”