எதில் தெளிவாகக் கேட்கிறது

மகளின் படிப்புக்கு லேப்டாப் வாங்கத்தான் மனைவி கடைக்குக் கூட்டி வந்திருக்கிறாள் என்று ஞானசேகர் நினைத்தான். மேசையில் நான்கு கம்பெனி லேப்டாப்கள் திறந்திருந்தன. தமயந்தி பென்டிரைவை முதலாவதில் செருகினாள். பாட்டு வரவில்லை, அவன் குரல் வந்தது. கெட்ட வார்த்தைகள், பிறகு பளாரென்று கன்னத்தில் ஓர் அறை. அதில் அவன் டப்பாவுக்குள் மாட்டிய கொசுவைப் போல ஒலித்தான். அடுத்ததில் கரகரத்தான். மூன்றாவதில் அறை மட்டும் கேட்டது.

"நிறுத்துடி" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வீட்டுல ரெண்டு பக்கமும் உக்காந்து பேசப் போறோம்ல? உங்க பெரியப்பாவுக்குக் காது மந்தம். சரியா கேக்கலைன்னா, எங்க புள்ள தங்கம்னு எந்திரிச்சுப் போயிருவாரு."

நான்காவதில் ஒவ்வொரு சொல்லும் கடை முழுக்க விழுந்தது. டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். விற்பனைப் பெண் விலைச்சீட்டையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"எதுல உங்க குரல் மாதிரியே இருக்கு? நீங்களே காட்டுங்க" என்றாள் தமயந்தி.

முதலாவதைக் காட்ட அவன் கையைத் தூக்கினான். விற்பனைப் பெண் சட்டென்று இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.