ஐந்தரை மணி அழைப்பு

“ஸ்தோத்திரம், ஜெப உதவி. சொல்லுங்கய்யா” என்றாள், ரிசீவரைத் தோளில் இடுக்கியபடி. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மூட்டையில் கட்டியாகிவிட்டது. ஆனாலும் மணி ஐந்தரை என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பெரியவர் ஒரு நாளும் முன்னே பின்னே கூப்பிட்டதில்லை.

“சாப்பிட்டீங்களாம்மா?”

“சாப்பிட்டேன்யா.” அது பொய். அதற்கு முன்னால் சொன்னதும் பொய்தான். ஜெப உதவியாவது, ஒன்றாவது! அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள்.

ஃபோனில் கூப்பிடுகிறவர்களுக்காக ஜெபம் செய்யும் ஜெப உதவி முன்பு இந்த அறையில்தான் நடந்துகொண்டிருந்தது. கவனிக்க ஆளில்லாமல் மூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் மேசை, நாற்காலி, ஃபோன் எல்லாவற்றோடும் அப்படியே இவளுக்கு வாடகைக்கு விட்டார். மேசை டிராயரில் ஒரு காம்பில் நூல் சுற்றிய மூக்குக் கண்ணாடிகூட அப்படியே கிடந்தது.

குடிவந்த அன்று மாலை, கட்டுப் பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது முதல் அழைப்பு வந்தது. எடுத்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் குரல் வந்தது. “சிஸ்டர், எனக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுவீங்களா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷன் போன அன்றே ஆண்டவரோடு காய் விட்டவள் அவள். பேச்சே இல்லாத ஒருவரிடம் இன்னொருத்தருக்காகச் சிபாரிசுக்குப் போவதென்றால் எப்படி இருக்கும்? இருந்தாலும், பாவம், யாருமில்லாத மனிதர்போல என்று எண்ணி, தட்டுத்தடுமாறி நாலு வார்த்தை சொல்லிவைத்தாள்.

மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். மற்றவர்களிடமெல்லாம் “இப்ப அது இங்க இல்லீங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். இவரிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கதவு படபடவென்று அடித்தது.

“மழையாம்மா? முதல்ல ஜன்னலைச் சாத்திட்டு வாங்க. கொக்கியை லேசா மேல தூக்கிப் போடுங்க, அப்பதான் விழும்.”

தூக்கிப் போட்டாள். விழுந்தது. சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்ற கவலையிலேயே திரும்பி வந்து ரிசீவரை எடுத்தாள்.

“ஐயா, கம்பெனியைப் பூட்டிட்டாங்க. இந்தத் தெருவுல இது மூணாவது. நான் நாளைக்கு ஊரை விட்டே போறேன்.”

“எங்கம்மா?”

“தெரிஞ்சவங்க யாரும் இல்லாத ஊருக்கு. தையல் வேலை இருக்குன்னு ஒரு அட்ரஸ் குடுத்தாங்க. இருக்கா இல்லையா, போய்ப் பார்த்தாதான் தெரியும். பயமா இருக்குய்யா.”

“எட்டு மாசமா எனக்கு என்ன சொன்னீங்க?”

“அவர் கையில விட்டுடுங்கன்னு.”

“என்கிட்டச் சொன்னது உங்க காதுலயும் விழுந்திருக்குமேம்மா?”

அவள் காதிலும் விழத்தான் செய்தது. கம்பெனியில் ஒவ்வொரு பிரிவாக விளக்கை அணைத்துக்கொண்டு வந்தபோது பக்கத்து மிஷின்காரிகள் தூக்கம் கெட்டுத் திரிந்தார்கள். இவளோ ஐந்தரைக்கு இவருக்காக ஜெபம் செய்துவிட்டு, அடித்துப் போட்டமாதிரி தூங்கினாள். எந்த நாளில் ஆண்டவரோடு பழம் விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அதனால்தான் பெரியவரை நினைக்க நினைக்க நெஞ்சு கனத்தது. பொய்க்காரி ஒருத்தியின் வார்த்தையை நம்பி இத்தனை நாள் கைகூப்பியிருக்கிறார். நாளை ஐந்தரைக்கு இந்த வெற்று அறையில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க ஆள் இருக்காது. அதைவிட இன்றே உண்மையைச் சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு போவது மேல்.

“ஐயா, இன்னொண்ணு. இது ஜெப உதவி இல்ல. அதை மூடி எட்டு மாசம் ஆச்சு. நான் ஊழியக்காரியும் இல்ல. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க.”

மழைதான் கேட்டது. ஒரு கிழவரின் நம்பிக்கையை உடைத்துவிட்டோமே என்று அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

“ஐயா, இருக்கீங்களா? என் ஜெபம் பொய்யா இருக்கலாம். நான் யார்கிட்ட கேட்டேனோ, அவர் பொய் இல்லய்யா. அவரை மட்டும் விட்டுடாதீங்க.”

“போதும்மா” என்றார் பெரியவர். குரல் கம்மியிருந்தது. “இதைக் கேட்கத்தான் காத்துட்டிருந்தேன். இனி நீங்க எந்த ஊருக்கு வேணாலும் போகலாம்.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு உதவி. மேசை டிராயர்ல, காம்புல நூல் சுத்தின கண்ணாடி ஒண்ணு கிடக்கும். அதை வீட்டுக்காரர்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. நான் வந்து வாங்கிக்கறேன்.”

அவள் கை தானாக டிராயரை இழுத்தது. “ஐயா... இது உங்களுதா?”

“பத்தொன்பது வருஷம் அந்த நாற்காலியில உட்கார்ந்துதான் ஜெபம் பண்ணினேன். முதல் நாள் கூப்பிட்டதே கண்ணாடியைக் கேட்கத்தாம்மா.”

“அப்ப ஏன் கேட்கல?”

“நீங்க அழுதுட்டிருந்தீங்க.”