கைமா சாஸ்

கடலூர் வீட்டுக்குச் சீக்கிரமே திரும்பிய தாட்சாயிணி, சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அவள் கணவன் ராபர்ட் கைமாவைக் கிளறியபடி செல்போனில் குழைந்துகொண்டிருந்தான்.

"தக்காளி நல்லா சுண்டிடுச்சுங்க. பாஸ்தாவும் வெந்துடுச்சு. நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னு தாட்சாகிட்ட மூச்சு விடமாட்டேன்!"

போனில் ஒரு பெண்குரல் சிரித்தது.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். அவளைக் கண்டதும் போனை வைத்துவிடுவான். தாட்சாயிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.

"யாருடி நீ?"

மறுமுனையில் அந்தக் குரல் அதட்டியது.

"மாசமா இருக்கறவ இப்படிக் கத்தலாமாடி? மாப்பிள்ளையக் கிளறச் சொல்லு, கைமா அடிபுடிக்கப் போவுது."

ராபர்ட்டைக் காதலித்துக் கைப்பிடித்த நாளிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாத, சிதம்பரத்து அம்மாவின் குரல்!