எது பெரிய வண்டி?

ராயபுரத்தில் எண்ணெய் மொத்தக்கடை வைத்திருக்கும் சாலமோன், தரகர் தந்த இரண்டு மாப்பிள்ளைகளின் விவரத்தையும் மகள் மகிமாவிடம் நீட்டினார்.

"சொந்த வண்டின்னு ஒருத்தன் 1.5 லிட்டர் எஞ்சின்னு போட்டிருக்கான். இந்த டென்னிஸ் 110 சி.சி.ங்கான். நீதான எண்ணூர்ல எஞ்சின் கம்பெனில இருக்க? எது பெருசு?"

மகிமா டென்னிஸின் தாளை ஓரக்கண்ணால் பார்த்தாள். "110 தான்ப்பா. 1.5 எங்க, 110 எங்க!"

"அப்ப டென்னிஸையே முடிச்சிரலாமா?"

"உங்க இஷ்டம்ப்பா." தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள்.

சாலமோன் டென்னிஸின் தாளை பைபிளுக்குள் பத்திரப்படுத்தினார்.

"எம்மா, முப்பது வருஷமா லிட்டர்லதான் எண்ணெய் அளக்கேன். லிட்டருக்கு ஆயிரம் சி.சி.ன்னு எனக்குத் தெரியாதா? போ, தெருமுனையில அரைமணி நேரமா ஸ்கூட்டரோட வெயில்ல நிக்காரே, அந்த 0.11 லிட்டர் மாப்பிள்ளை, அவரை உள்ள கூப்பிடு!"