மோதாத மாப்பிள்ளை

"பனியில கண்ணு எதுக்குங்க மாமா? கண்ண மூடிக்கிட்டே கப்பல் ஓட்டலாம்," என்றார் சேனாதிபதி, இன்னொரு வடையை எடுத்தபடி.

கொடைக்கானல் ஏரியில் வாடகைப் படகு விடும் சுப்புராஜ் பரவசமாகத் தலையாட்டினார். சரக்குக் கப்பல் அதிகாரி, அதுவும் ரேடார் பார்க்கும் அதிகாரி, தன் பெண்ணைப் பார்க்க மலையேறி வந்திருக்கிறார். பேசுகிற பேச்சைக் கேட்டால் கடலே இவர் பெயரில் பட்டா ஆகியிருக்கும் போலிருந்தது. சாயங்காலமே தட்டு மாற்றிவிட வேண்டியதுதான்.

காலையில், "எனக்கு இவரு வேணாம்ப்பா," என்று விசாலாட்சி சொல்லத்தான் செய்தாள். "நம்ம வாயால வேணாம்னு சொல்ல முடியாதும்மா. மாப்பிள்ளையாப் பாத்துக் கெளம்பிப் போனாத்தான் உண்டு," என்று அவள் வாயை அடைத்திருந்தார்.

காபி கொண்டுவந்தவளின் கையைப் பார்த்து சேனாதிபதி முகம் சுளித்தார். "உள்ளங்கை இப்படிக் காய்ச்சுக் கெடக்கு?"

"ஆட்டுக்கல்லுங்க மாப்பிள்ளை. இட்லி மாவுன்னா அவதான்," என்று முந்திக்கொண்டார் சுப்புராஜ்.

சேனாதிபதி தாம்பாளத்தைக் காலி செய்து நடுவில் காபி டம்ளரை வைத்தார். "இதுதான் ரேடார் கண்ணாடி. டம்ளர் நம்ம கப்பல். நாம அனுப்புற அலை எதிர்க் கப்பல்ல பட்டுத் திரும்பி வந்ததும் கண்ணாடியில ஒரு புள்ளி விழும்." தாம்பாள ஓரத்தில் ஒரு காராபூந்தியை வைத்தார். "கொஞ்சம் பொறுத்து இன்னொரு புள்ளி. புள்ளியோட திசை மாறிக்கிட்டே வந்தா பயமில்ல. அவன் நம்மளத் தாண்டிப் போயிடுவான்."

"மாறலைன்னா?" என்றாள் விசாலாட்சி, கதவோரத்திலிருந்து.

"பொம்பளைங்களுக்கு இது புரியாது. இருந்தாலும் சொல்றேன். திசை மாறாம தூரம் மட்டும் கொறஞ்சுக்கிட்டே வந்தா மோதல்தான். கடவுளே வந்தாலும் தடுக்க முடியாது." கடைசிக் காராபூந்தி டம்ளரில் இடித்து நின்றது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ரேடார் இல்லாத படகுலங்க?"

"காது போதும். சத்தம் ஒரே திசையில இருந்து பெருசாயிட்டே வந்தா அதே கணக்குத்தான்."

"அப்படிங்களா," என்றவள் இரண்டு வடைகளைக் கூடுதலாக வைத்தாள். பெண் மனம் இளகிவிட்டது என்று சுப்புராஜுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி ஏரியை மறைத்துக்கொண்டிருந்தது. "இதுல படகு எடுக்க எங்க ஆளுங்களே பயப்படுவாங்க," என்றார் சுப்புராஜ்.

சேனாதிபதி கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு எழுந்தார். "வாங்க, காட்டறேன். நான் இருக்கற படகு இன்னொண்ணு மேல முட்டுச்சுன்னா, உங்க வீட்டுல பொண்ணு எடுக்கற யோக்கியதை எனக்கில்ல. அப்படியே வத்தலக்குண்டு பஸ் ஏறிடறேன்."

படகில் துடுப்பு சுப்புராஜின் கையில் இருந்தது. அதிகாரி உத்தரவு மட்டும்தான் போடுவார். இரண்டு உத்தரவுகளுக்கு நடுவே சிங்கப்பூர் துறைமுகத்தில் கேப்டன் தன் தோளில் தட்டிக்கொடுத்த கதையைச் சொன்னார். முடிந்ததும் பம்பாய்த் துறைமுகத்தில் தட்டியதைச் சொன்னார்.

"மாப்பிள்ளை, உங்க வலப்பக்கம் துடுப்புச் சத்தம் கேக்குதுங்க."

"கேக்கட்டும். தானா விலகிப் போயிடும்," என்றவர் கொழும்புக்குப் போனார்.

"விலகலீங்களே. அதே பக்கந்தான் இருக்கு. பெருசாவும் ஆவுது."

"அப்ப வலப்பக்கம் ஒடிங்க. அவனுக்குப் பின்னால போயிடலாம்."

ஒடித்தார். சத்தமும் கூடவே ஒடித்துக்கொண்டு, இப்போது நேர் எதிரே வந்து நின்றது. அங்கிருந்தே வளர்ந்தது.

"நிறுத்துங்க."

சுப்புராஜ் நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை.

"கடல் சட்டம் தெரியாத பய எவனோ," என்ற சேனாதிபதி, அந்தச் சட்டத்தைப் பனியைப் பார்த்து உரக்க விளக்க ஆரம்பித்தார்.

தொம்மென்று ஓர் இடி. அதிகாரி படகுக்குள் மல்லாந்தார். தொப்பி ஏரியில் மிதந்தது.

பனிக்குள்ளிருந்து எதிர்ப் படகின் மூக்கு நீண்டது. அதற்குப் பின்னால், ஆட்டுக்கல் ஆட்டிக் காய்த்ததாகச் சொன்ன அந்தக் கைகளில் துடுப்போடு விசாலாட்சி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொன்ன கணக்கு சரியாத்தான் இருக்குங்க," என்றாள் மரியாதையாக. "நீங்களும் பேச்ச நிறுத்தல, நானும் அந்தச் சத்தத்தோட தெசை மாறாம ஓட்டிக்கிட்டு வந்தேன். வெரசா இதுல ஏறுங்க, வத்தலக்குண்டு பஸ்ஸு கெளம்பறதுக்குள்ள கரையில விட்டுடறேன்."