மலோயின் சொந்தக் குரல்

"டப்பிங் பேசுறவன் திருடன், பெரியவரே! செத்துப்போன மகா நடிகனோட வாய்க்குள்ள கையை விட்டு நாக்கைத் திருடினவன். திருடனோட பேரை நான் நோட்டீஸ்ல போடணுமா?"

காபிக்கடையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார் வக்கீல் எர்மான்னோ. ரோம் நகரத்தின் அந்த வட்டாரத் திரைப்படக் கழகத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக அவர்தான் தலைவர். தேர்தல் உண்டு. எதிர்த்து நிற்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

எதிரே நின்ற நாட்சரேனோவுக்கு எழுபத்தொரு வயது. அவரை உட்காரச் சொல்ல எர்மான்னோவுக்குத் தோன்றவில்லை.

"டெக்ஸ்டர் மலோய் நடிச்ச தாதா படம் இருபத்தாறுக்கும் இத்தாலியன்ல குரல் குடுத்தவன் நான், சார். அந்தக் காலத்துல எங்க பேரைப் படத்துல போட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை அவரோட பத்தாவது நினைவு நாளுக்கு நோட்டீஸ் அடிக்கிறீங்களாம். கீழ ஓரமா, பொடி எழுத்துல போட்டாக்கூடப் போதும். என் பொண்டாட்டி ஒரு தடவையாவது என் பேரை அச்சுல பாக்கணும்னு ஆசைப்படுறா."

"மலோய்னா யாருன்னு தெரியுமாய்யா உமக்கு?" எர்மான்னோ எழுந்து கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். கண்ணை இடுக்கி, அடித்தொண்டையிலிருந்து பேசினார். "'தொப்பியைக் கழட்டுடா... உன் சவ ஊர்வலம் கிளம்பியாச்சு.' நடுவுல மூச்சை நிறுத்துறான் பாரும், அந்த இடைவெளி! அது கடவுள் குடுத்தது. உம்மால முடியுமா?"

நாட்சரேனோவுக்கு அந்த இடைவெளி நன்றாக ஞாபகம் இருந்தது. 1949, பிப்ரவரி. கடுமையான ஜலதோஷம். எச்சிலை விழுங்கியதில் விழுந்த இடைவெளி அது. 'இன்னொரு தடவை பேசிடுறேன்' என்று கெஞ்சினார். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, மலோயும் முதுகைக் காட்டித்தானே நிற்கிறார், வாயசைவு தெரியாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

இதை எல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"இந்தத் தடவை இத்தாலியனே கிடையாது. அமெரிக்காவுலேர்ந்து ஒரிஜினல் பிரிண்ட் வரவழைச்சிருக்கேன். மலோயோட சொந்தக் குரல்! இந்த ஊர்ல ஒருத்தன் கேட்டதில்ல."

நாட்சரேனோ பதறிவிட்டார். "வேண்டாம் சார். பழைய பிரிண்டையே போடுங்க. என் பேரு வேண்டாம், விட்டுடுங்க. அவரோட கண்ணு ஒண்ணு போதாதா? இமைக்காம ஒருத்தனைப் பாப்பாரே, அதுக்கு ஈடு உண்டா? குரல் எதுக்கு சார்?"

"பாத்தீங்களா! குட்டு உடைஞ்சிடும்னு பயம்!"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். மலோயின் நிஜக் குரலை வருஷக்கணக்காக ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டவர் நாட்சரேனோ. செத்துப்போன மனிதரைப் பற்றி அதை வெளியே சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச் கூடத்தில் நாற்காலி காலி இல்லை. கடைசி வரிசையில் நாட்சரேனோவும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

திரையில் மலோய் வந்தார். தொப்பி, சிகரெட், அந்தக் கண்கள். கூடம் மூச்சுவிடவில்லை. அப்புறம் அவர் வாயைத் திறந்தார்.

மூக்கு வழியாக வந்தது குரல். மெலிசாக, கீச்சென்று, சைக்கிள் பிரேக் பிடித்த மாதிரி.

முதலில் யாரோ செருமினார்கள். அப்புறம் மருந்துக்கடை ஒத்தாவியா, "பாவம், மூக்குக்குச் சொட்டு மருந்து விடுங்கப்பா!" என்றாள். கூடம் வெடித்துச் சிரித்தது. சவ ஊர்வல வசனம் வந்தபோது இடைவெளியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே மூச்சில் கீச்சிட்டுவிட்டுப் போய்விட்டார் மலோய். சிரித்துச் சிரித்துச் சிலருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"கண்ணைப் பாருங்கய்யா, அந்தக் கண்ணைப் பாருங்க" என்று நாட்சரேனோ முணுமுணுத்தார். யாரும் பார்க்கவில்லை. தன்னைத் திருடன் என்றபோது வராத கோபம் அவருக்கு இப்போது வந்தது.

படம் முடிந்ததும் விவாதம் நடப்பது அந்தக் கழகத்தின் வழக்கம். தலைவர் பேசி முடிக்காமல் ஒருவரும் சாப்பாட்டுக்குக் கிளம்ப முடியாது. எர்மான்னோ மேடை ஏறினார். முகம் கழுத்து வரை சிவந்திருந்தது.

"இப்ப உங்களைக் கூப்பிடுவாரு" என்று நாட்சரேனோவின் மனைவி அவசரமாக அவர் டையைச் சரிசெய்தாள். அவரும் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

எர்மான்னோ மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, நாம ஏமாத்தப்பட்டோம்! இருபத்தஞ்சு வருஷமா என் காதுக்குள்ள இருக்கிற குரல் எனக்குத் தெரியாதா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நாம இப்பக் கேட்டது மலோயே இல்ல! அமெரிக்காக்காரன் எவனோ ஒரு கத்துக்குட்டியைப் பிடிச்சு டப்பிங் பண்ணி நம்ம தலையில கட்டிட்டான்!"

"அதானே பாத்தேன்!" என்றாள் ஒத்தாவியா. கைதட்டல் கூரையைத் தொட்டது.

"மலோயின் அசல் குரலை அழிச்ச அந்த டப்பிங் திருடனைக் கழகம் வன்மையா கண்டிக்குது. தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க!"

முதலில் உயர்ந்தது நாட்சரேனோவின் மனைவியின் கை.

அவர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். அவள் இன்னொரு கையால் அவர் விலாவில் இடித்தாள்.

"தூக்குங்க. பேரு இல்லாட்டிப் போகுது, உங்களைத்தானே அசல்ங்கிறாங்க!"