கொடுத்தவனுக்கு ஏன் ப்ளஸ்?

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் இப்போதைக்குக் கிடையாது. இப்போது அப்பா கடுங்கோபத்தில் இருக்கிறார்.

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை. குழாய்த் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பாட்டில் பாட்டிலாகப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

போன வருஷம் மகனின் வகுப்பில் பேசப் போனார். ஒரு பொடிசு கேட்ட கேள்விக்குப் பதில் வராமல், ஐந்தே நிமிஷத்தில் வெளியே ஓடிவந்தார். பையனுக்கு வருஷம் முழுக்க, "உங்கப்பா ஓட்டப்பந்தய வீரராடா?" என்று கேலி.

இந்த வருஷமும் அழைத்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு, வெள்ளிக்கிழமை.

ஹாலில் ஒத்திகை பார்த்தார். "நடுவுல ஒரு குண்டு ஆக்ஸிஜன். ரெண்டு பக்கமும் குட்டி ஹைட்ரஜன். மூணும் கை கோத்துக்கிட்டா தண்ணி மூலக்கூறு..."

சோபாவுக்குப் பின்னாலிருந்து ஒரு மூக்கடைத்த குரல்: "அங்கிள், கண்ணுக்கே தெரியாதுன்னா, அது இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அதே பள்ளியில் ஒன்பதாவது படிக்கும் மகள்தான். வீட்டில் அவளுக்கு வானரம் என்று பெயர்.

அடுத்து கீச்சுக்குரல்: "அங்கிள், உப்பைத் தண்ணில போட்டா செத்துப்போயிடுமா?"

"சாகாது! உப்புல சோடியம் ஒரு எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்திருக்கும். கொடுத்தது ப்ளஸ் அயனி, வாங்கினது மைனஸ் அயனி. தண்ணில ரெண்டும் பிரிஞ்சு நீந்தும்."

இப்போது கரகரப்பாக, பெரிய மனுஷத் தோரணையில்: "கொஞ்சம் நில்லுங்க. கொடுத்தவனுக்குக் குறையத்தானே செய்யும்? அவனுக்கு ஏன் ப்ளஸ்?"

நாக்கு ஒட்டிக்கொண்டது.

மூன்று நாள் இதே கூத்து. "அப்பன் பயந்து சாகறது உனக்கு வேடிக்கையா இருக்கா? என்கிட்ட பேசாதே, போ!"

ஆனாலும் அந்தக் கேள்வி விடவில்லை. வியாழக்கிழமை, பாட்டில் கழுவும்போது பளிச்சென்று பதில் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை. வகுப்பில் அப்பா மூலக்கூறு கதையைச் சொல்லி முடித்தார். முதல் கை உயர்ந்தது.

"அங்கிள், கண்ணுக்கே தெரியாதுன்னா..."

மூக்கடைத்த குரல். அதே கேள்வி! அப்பா வெளுத்து வாங்கினார். அடுத்து கீச்சுக்குரல். அதையும் வெளுத்தார். கடைசி பெஞ்சிலிருந்து கரகரப்பாக, "கொடுத்தவனுக்கு ஏன் ப்ளஸ்?"

"எலக்ட்ரானே ஒரு மைனஸ் ஆசாமிடா கண்ணா! அவனை வெளியே அனுப்பிட்டா வீட்டுல மிச்சம் ப்ளஸ்தானே!"

"ஓ..." வகுப்பே எழுந்து கத்தியது. மகன் பெஞ்ச் மேல் ஏறி, "எங்கப்பாடா! எங்கப்பா!" என்று குதித்தான். மணி அடித்தும் ஒருவரும் நகரவில்லை.

வாசலில் அந்தக் கரகரக் குரல்காரன் அவர் கையைப் பிடித்தான்.

"சூப்பர் அங்கிள்! போன வாரம் இதைக் கேட்டப்போ அக்காவுக்கே தெரியல. 'எங்கப்பா சொல்லிடுவார், அன்னைக்கு அவர்கிட்டயே கேளு'ன்னாங்க."

"எந்த அக்கா?"

"தினமும் இன்டர்வெல்ல வந்து எங்க எல்லார் கேள்வியையும் எழுதிக்கிட்டுப் போனாங்களே! என்னை மாதிரியே பேசிக் காட்டுவாங்க."

அப்பா ஒன்பதாம் வகுப்புப் பக்கம் திரும்பினார்.

"ஆனா அங்கிள், இதை உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. அதனால நான் சொல்ல மாட்டேன்."